சென்னையில் பசுமையாக வாழ்வது எப்படி: புரட்டாசியில் தொடங்கும் ஓராண்டு வழிகாட்டி

பசுமை வாழ்க்கை என்றதும் பலரும் முதலில் கடைக்குத்தான் போகிறார்கள். மூங்கில் பல்துலக்கி, இரும்பு உறிஞ்சுகுழல், துணிப்பையிலேயே நாலு டிசைன். பத்து வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்த மூங்கில் பல்துலக்கி திருவான்மியூர் காற்றில் மூன்றே வாரத்தில் பூஞ்சை பிடித்தது.

இந்த ஊருக்கென்று ஒரு நாள்காட்டி இருக்கிறது. மழை எப்போது வரும், கடற்காற்று எத்தனை மணிக்கு உள்ளே நுழையும், ஆமை எந்த மாதம் கரையேறும், விசைப்படகு எப்போது கரையில் நிற்கும் என்பதெல்லாம் அதில் உண்டு. அதைப் பார்த்து வேலைகளைப் பிரித்துக்கொண்டால் பாதிச் சிரமம் குறையும். அதனால் இந்த வழிகாட்டியை மாத வரிசையில் எழுதியிருக்கிறேன். நீங்கள் எந்த மாதத்தில் இதைப் படிக்கிறீர்களோ அங்கிருந்தே தொடங்கலாம். எனக்கு ஆண்டு பிறப்பது புரட்டாசியில்தான்.

புரட்டாசி: மொட்டை மாடிக்கு ஏறுங்கள்

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையாக, அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்றால் வருடத்துக்குச் சுமார் 1,30,000 லிட்டர். ஆவியாவது, சிதறுவது போக ஒரு லட்சம் லிட்டராவது கைக்கு வரும். 12,000 லிட்டர் லாரி கணக்கில் எட்டு லாரிக்கு மேல்.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. அதனால் உங்கள் கட்டடத்தில் குழாய் இருக்கும். அது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. எங்கள் குடியிருப்பில் இரண்டு குழாய்களும் நேராகக் கழிவுநீர்த் தொட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன. எத்தனை வருடமாக என்று யாருக்கும் தெரியவில்லை. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு: ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கைப்பிடி மஞ்சள் தூளைக் கரைத்து மாடிக் குழாயில் ஊற்றுங்கள். கீழே ஒருவர் எல்லா மூடிகளையும் திறந்து வைத்துப் பார்க்கட்டும். மஞ்சள் எங்கே தெரிகிறதோ அங்கேதான் உங்கள் மழையும் போகிறது.

இடத்தைத் தெரிந்துகொண்ட பிறகு வேலை வரிசை இப்படி: மாடியைப் பெருக்கிப் பாசியைச் சுரண்டுங்கள். குழாய் வாயில் இலை போகாதபடி வலை வையுங்கள். முதல் மழைத் தண்ணீரில் புழுதியும் பறவை எச்சமும் இருக்கும், அதை வெளியே விட ஒரு வால்வு வையுங்கள். வடிகட்டிக் குழியில் உள்ள ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்துக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் யாரும் செய்வதில்லை. சேறு அடைத்த குழி, குழியே இல்லாததற்குச் சமம்.

மண்ணைப் பொறுத்து அமைப்பு மாறும். பெசன்ட் நகர், திருவான்மியூர், கொட்டிவாக்கம் போன்ற கரையோரப் பகுதிகள் மணல். அங்கே ஆழம் குறைந்த உறிஞ்சு குழியே போதும், தண்ணீர் தானாக இறங்கிவிடும். உள்ளே தள்ளிக் களிமண் இருக்கும் இடங்களில், களிமண் அடுக்கைத் தாண்டி மணல் வரும் வரை துளை போட வேண்டும். பழைய உறைகிணறு இருந்தால் தயவுசெய்து மூடாதீர்கள். வடிகட்டிய மழைநீரை அதற்குள் விடுவதைவிடச் சிறந்த ஏற்பாடு எதுவும் இல்லை.

கரையோரத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மண்ணுக்கடியில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், அது கீழே சுமார் 40 அடி வரை உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும். இதைத் திருப்பிப் பாருங்கள்: போர் போட்டு இறைத்து நன்னீர் மட்டத்தை ஓர் அடி இறக்கினால், உப்பு 40 அடி மேலே ஏறுவதற்கு வழி கிடைக்கிறது. கிணறு உப்பானதும் இன்னும் ஆழமாகப் போர் போடுகிறார்களே, அது உப்பை நோக்கிப் போவதுதான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். புரட்டாசியில் ஒரு முறை, தையில் ஒரு முறை கிணற்று நீரை அளந்து, எண்ணை லிஃப்ட் பக்கத்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். எங்கள் சங்கக் கூட்டத்தில் நான் மூன்று வருடம் பேசிப் பலிக்காததை அந்தத் துண்டுச் சீட்டு செய்தது.

வீட்டுக்குள் தண்ணீர்

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அதை மறந்தவர்கள் இங்கே நிறையப் பேர். இப்போது தென்சென்னைக் குழாய்களில் வருவதில் ஒரு பகுதி நெம்மேலியில் கடல்நீரைச் சுத்திகரித்து எடுப்பது. அங்கே முதல் ஆலை 2013இலும் இரண்டாவது 2024இலும் வந்தன. ஆயிரம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கச் சுமார் மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் ஆகும். அதனால் குழாயைச் சும்மா திறந்துவிடும்போது மின்சாரத்தையும் சேர்த்துத்தான் சாக்கடையில் விடுகிறோம்.

மூன்று வேலைகள் போதும். எல்லாக் குழாய் முனையிலும் ஏரேட்டர் மாட்டுங்கள், தண்ணீரில் காற்றைக் கலந்து செலவைக் குறைக்கும் சின்னச் சல்லடை அது. பிளம்பர் கூடத் தேவையில்லை, திருகிவிடலாம். ஆர்.ஓ. வடிகட்டி ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிக்கும். அந்தக் குழாயை ஒரு வாளிக்குள் விட்டு, வீடு துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்துங்கள். செடிக்கு மட்டும் வேண்டாம், உப்பு அதிகம். செடிக்கு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் நல்லது. சென்னையின் ஈரக்காற்றில் ஓர் இரவுக்கு ஒரு சின்ன வாளி நிறையும்.

ஐப்பசி, கார்த்திகை: மழையும் குப்பையும்

மழை தொடங்கியதும் தெருவில் கிடக்கும் பிஸ்கட் உறை மழைநீர் வடிகாலுக்குள் போகும். அங்கிருந்து அடையாறு, கூவம், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கடல். குப்பைத் தொட்டியில் போட்டால் மட்டும் என்ன? இந்த ஊர் ஒரு நாளைக்கு ஐயாயிரம் டன்னுக்கு மேல் குப்பை போடுகிறது. தென்சென்னைக் குப்பை பல பத்தாண்டுகளாகப் பெருங்குடிக்குப் போனது. 2022இல் ராம்சார் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற தகுதி, பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் விளிம்பு அது. வடக்குப் பக்கத்துக் குப்பைக்குக் கொடுங்கையூர். பழைய மலைகளை இப்போது தோண்டிப் பிரித்து அகற்றுகிறார்கள். புதிய மலை வளராமல் இருப்பது நம் சமையலறையைப் பொறுத்தது.

பிரிப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மட்கும் குப்பை பச்சைத் தொட்டிக்கு, மட்காதது நீலத் தொட்டிக்கு. நாப்கின், டயப்பர், பழைய மருந்து, உடைந்த பல்பு தனியாக, காகிதத்தில் சுற்றி. பேப்பர், பாட்டில், இரும்பு, பால் கவர் எல்லாம் காயலான் கடைக்கு. இந்த நாட்டில் மறுசுழற்சி என்ற சொல் வருவதற்கு முன்பே அதைச் செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். பால் கவரை மட்டும் கழுவிக் காயவைத்துக் கொடுங்கள், நாற்றமடித்தால் அவர்களும் தூக்கித்தான் போடுவார்கள்.

காய்கறிக் கழிவை வீட்டிலேயே உரமாக்க இரண்டு மண்பானைகள் போதும். அடியில் தென்னைநார்க் கழிவு ஒரு கை அளவு. அதன் மேல் அன்றாடக் கழிவு, அதன் மேல் மறுபடி ஒரு கைப்பிடி நார்க்கழிவோ காய்ந்த இலையோ. தொடக்கத்தில் ஒரு கரண்டி புளித்த மோர். ஒரு பானை நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு அடுத்த பானைக்குப் போகலாம். ஒன்றரை மாதம், இரண்டு மாதத்தில் கறுப்பாக, மண்வாசனையோடு உரம் தயார். ஆனால் இதைக் கார்த்திகையில் தொடங்க வேண்டாம். அடைமழைக் காற்றின் ஈரத்தில் பானை சொதசொதவென்று ஆகிப் புழு நெளியும். முதல் முறை எனக்கு அப்படித்தான் ஆனது, வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. அப்படி ஆனால் பயப்படாமல் காய்ந்த பொருளை இரண்டு மடங்கு போட்டுக் கிளறுங்கள், அடங்கிவிடும். தொடங்குவதற்குத் தை நல்ல மாதம்.

பிளாஸ்டிக் பற்றி ஒன்றே ஒன்று. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருள்களை தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் நாணயம் போட்டால் பை தரும் இயந்திரம்கூட வைத்தார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் ஒரு பருத்திப் பையைச் செய்யவும் நிறையத் தண்ணீர் வேண்டும். ஒரே பையை நூறு தடவைக்கு மேல் கொண்டுபோனால்தான் அதற்கு அர்த்தம். கல்யாண வீடுகளில் கிடைத்த தாம்பூலப் பைகள் நம் எல்லார் வீட்டிலும் இருபதாவது இருக்கும். புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். ஒன்றைச் சுருட்டி வண்டிச் சீட்டுக்கடியில் வையுங்கள், வேலை முடிந்தது.

மார்கழி முதல் மாசி வரை: வண்டியை நிறுத்துங்கள்

பேருந்துக்கும் ரயிலுக்கும் மாறுவது என்று முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் புத்தாண்டு உற்சாகத்தில் எடுக்கிறார்கள். தற்செயலாக அது சரியான நேரம். மார்கழிக் குளிரில் நிறுத்தம் வரை நடப்பது சுகம். அதே முடிவைச் சித்திரையில் எடுத்தால் மூன்றாம் நாள் வெயில் நம்மைத் தோற்கடித்துவிடும். பழக்கம் ஒட்டிக்கொள்ள மூன்று குளிர் மாதங்கள் கிடைக்கின்றன, விடாதீர்கள்.

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். எங்கெங்கே போனீர்கள், எவ்வளவு தூரம், எதில் என்று மட்டும் எழுதுங்கள். அந்தப் பட்டியலில் இரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பவை நடைக்கோ சைக்கிளுக்கோ உரியவை. வாரத்தில் ஐந்து நாளும் ஒரே திசையில் போகும் ஒரு பயணம் இருக்கும், பெரும்பாலும் அலுவலகம். அதை மட்டும் பொதுப் போக்குவரத்துக்கு மாற்றுங்கள். மிச்சம் அப்படியே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியவர்கள் ஒரே மாதத்தில் பழையபடி திரும்பியதைத்தான் பார்த்திருக்கிறேன்.

இந்த நகரத்தின் எலும்பு ரயில்தான். கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931இலிருந்து ஓடுகிறது. கடற்கரையிலிருந்து திருவல்லிக்கேணி, திருமயிலை, திருவான்மியூர் வழியாக வேளச்சேரி வரை பறக்கும் ரயில். நிலையங்கள் அழுது வடிந்துகொண்டிருந்தாலும் கட்டணம் ஒரு டீ விலைகூட இல்லை. அடையாற்றைக் கடக்கும்போது ஜன்னலில் தெரியும் காட்சி இலவசம். 2015இல் தொடங்கிய மெட்ரோ, விமான நிலையத்திலிருந்து விம்கோ நகர் வரையும் சென்ட்ரலிலிருந்து பரங்கிமலை வரையும் இரண்டு பாதைகளாக ஓடுகிறது. சிங்காரச் சென்னை அட்டை ஒன்று எடுத்துக்கொண்டால் மெட்ரோவிலும் மாநகரப் பேருந்திலும் சில்லறைத் தொல்லை இல்லை. 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கலாம். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை. 2025 நடுவிலிருந்து தாழ்தள மின்சாரப் பேருந்துகளும் ஓடுகின்றன. முட்டிவலி உள்ளவர்களை அதில் ஒரு முறை ஏற்றிப் பாருங்கள், அப்புறம் ஆட்டோ கேட்க மாட்டார்கள்.

மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பெட்ரோல் வண்டியைவிட நல்லதுதான், புகை நம் தெருவில் வராது. ஆனால் நம் மின்சாரத்தில் கணிசமான பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. அதில் ஒரு பகுதி வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்து. அதன் சாம்பல் எண்ணூர் கழிமுகத்தில் படிந்த கதை அங்கே வலை வீசுகிறவர்களைக் கேட்டால் தெரியும். அதனால் என் வரிசை இது: நடை, சைக்கிள், ரயில், பேருந்து, ஷேர் ஆட்டோ, அதற்கப்புறம்தான் மின்சார வண்டி. இருக்கிற வண்டி நன்றாக ஓடும்போது பசுமைக்காக என்று புதியது வாங்குவது எனக்கு ஒப்புதல் இல்லை.

சைக்கிள்காரர்களுக்கு ஒரு கரையோரக் குறிப்பு. கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் சங்கிலிக்கு வாரம் ஒரு முறை எண்ணெய் போடுங்கள், வண்டியை வராந்தாவில் விடாமல் உள்ளே வையுங்கள். உப்புக்காற்று ஒரே வருடத்தில் ஸ்போக்கைத் தின்றுவிடும்.

ஊர் சுற்ற வருபவர்களுக்கு

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும் இந்த மாதங்கள்தான். ரயிலில் வந்து இறங்கினால் சென்ட்ரலிலும் எழும்பூரிலும் வாசலிலேயே மெட்ரோ. விமான நிலையத்துக்குள்ளும் மெட்ரோ உண்டு, எதிரே திரிசூலம் புறநகர் நிலையம். மெரினாவுக்குத் திருவல்லிக்கேணியில் இறங்கி நடக்கலாம். பெசன்ட் நகருக்கு 29சி பேருந்து. மாமல்லபுரத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாநகரப் பேருந்தே போகிறது. காலையில் போய் மாலையில் திரும்பாமல் ஓர் இரவு தங்கினால், கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிடலாம். வழியில் கோவளம் கடற்கரை, 2021இல் தூய்மையான கடற்கரைகளுக்குத் தரப்படும் நீலக்கொடிச் சான்று பெற்றது.

பறவை பார்ப்பவர்களுக்குப் பழவேற்காடு. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரி வரை, அங்கிருந்து பேருந்து. சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். யாராவது படகில் கூட்டிப் போகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கரையில் நின்று பார்த்தாலே நிறையத் தெரியும்.

இந்த மாதங்களில் சென்னைக் கரைக்கு வேறு விருந்தாளிகளும் வருகிறார்கள். பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) ஜனவரியிலிருந்து இரவில் கரையேறி முட்டையிடும். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் நீலாங்கரை, பெசன்ட் நகர்ப் பகுதிகளில் இரவெல்லாம் நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாக்கிறார்கள். வார இறுதிகளில் பொதுமக்களும் உடன் நடக்கலாம். சுமார் ஏழு வாரத்தில் குஞ்சு வெளிவரும். வந்ததும் வெளிச்சம் இருக்கும் பக்கம் ஓடும். இயற்கையில் அது கடல், இங்கேயோ நம் பால்கனி. கடலைப் பார்த்த வீடென்றால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் அந்தப் பக்கத்து விளக்கை அணையுங்கள், அல்லது கனத்த திரை போடுங்கள். கரையில் டார்ச் அடிக்காதீர்கள். மணலில் படர்ந்திருக்கும் அடப்பங்கொடியையும் ராவணன் மீசைப் புல்லையும் களை என்று பிடுங்காதீர்கள். மணல் மேட்டைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான். சுண்டலைப் பேப்பர் பொட்டலத்தில் வாங்கிச் சாப்பிடுங்கள், பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

சித்திரை: மீனும் வெயிலும்

சித்திரை பிறந்த மறுநாள், ஏப்ரல் 15இல், கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். ஜூன் 14 வரை 61 நாள். நிற்பது விசைப்படகுகள். சின்னப் படகுகள் கரையோரத்தில் போய்க்கொண்டுதான் இருக்கும். எனவே இந்த இரண்டு மாதமும் குப்பத்தில், காலையில் படகு வரும் நேரத்தில் வாங்குங்கள். நொச்சிக்குப்பம் போனால் போதும். நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி என்று வேகமாகப் பெருகும் மீனாகக் கேளுங்கள். சுறாவை விட்டுவிடலாம், குட்டி போட்டு மெதுவாகப் பெருகும் இனம் அது. பால் சுறாப் புட்டுக்கு ஏங்குபவர்களுக்கு வருத்தமாக இருக்கும், எனக்கும்தான்.

வெயிலுக்கு வருவோம். சித்திரை, வைகாசியில் காலையெல்லாம் மேற்கிலிருந்து நிலக்காற்று அடிக்கும். நண்பகல் தாண்டியதும் கடற்காற்று உள்ளே வரும். அது தாமதமாகும் நாள்தான் ஊர் வேகும். ஆகவே காலை ஒன்பது மணிக்கு மேற்கு ஜன்னல்களை மூடித் திரையிடுங்கள். கடற்காற்று வந்ததும் கிழக்கையும் தெற்கையும் திறந்து, எதிர்ப்பக்கத்தில் காற்று வெளியேற ஒரு வழி கொடுங்கள். ஏ.சி. போட்டே ஆக வேண்டுமென்றால் 26இல் வைத்து மின்விசிறியைச் சேர்த்து ஓட விடுங்கள். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சம். மேல்தளத்தில் இருப்பவர்கள் மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெள்ளைப் பூச்சோ அடித்தால் அறைக்குள் வித்தியாசம் அன்றிரவே தெரியும். ஆனால் மழைநீர் சேகரிக்கும் மாடி என்பதால், கரையாத பூச்சு நல்லது.

சூரிய மின்தகடு போடுவதற்கும் இது ஏற்ற காலம். ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி வேண்டும், நாளைக்குச் சுமார் நான்கு யூனிட் வரும். 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். கரையோரத்தில் ஒப்பந்ததாரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: தகடு ஐ.இ.சி. 61701 உப்புப்பனிச் சோதனையில் தேறியதா, தாங்கிச் சட்டம் சூடான துத்தநாகக் குளியல் கொடுத்ததா, போல்ட் துருப்பிடிக்காத எஃகா? என் நண்பர் ஒருவர் விலை குறைவென்று சாதாரணச் சட்டம் போட்டார். மூன்றாவது வருடம் துருக்கறை சுவரெல்லாம் வழிந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதிகாலையில் தகட்டைத் தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும். அதற்கு மேல் பராமரிப்பு அதிகமில்லை.

ஆடி: விதை

தையில் தொடங்கிய பானை உரம் இதற்குள் இரண்டு மூன்று நடை எடுத்திருப்பீர்கள். ஆடிப்பட்டத்தில் அதைச் செம்மண்ணோடு பாதிக்குப் பாதி கலந்து வெண்டை, கத்தரி, கீரை விதையுங்கள். கடலைப் பார்த்த மாடியென்றால் தொட்டிகளைக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் தரையோடு வையுங்கள். உப்புக்காற்று நேராகப் பட்டால் இலை நுனி கருகும். வாசலில் இடம் இருந்து மரம் வைக்க நினைத்தால் புன்னை, பூவரசு, புங்கம். 2016 வர்தா புயலில் எங்கள் தெருவில் இருந்த குல்மொஹர்கள் எல்லாம் சாய்ந்தன. முனையில் நின்ற பூவரசு மட்டும் ஒரு கிளையை இழந்துவிட்டு இன்னும் நிற்கிறது, அதனடியில்தான் இப்போது இஸ்திரி வண்டி நிற்கிறது.